காளைக்கு டாக்டர் உண்டு, பையனுக்கு?

சீத்தா கேம்ப்பிலிருந்து அக்கா போன் செய்தால் முன்பெல்லாம் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு மராமத்து, யாருக்காவது கல்யாணம் என்று மூன்று விஷயம்தான் இருக்கும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மருமகன் சண்டை பழகுகிறான். கராத்தே இல்லையாம், எம்.எம்.ஏ.வாம். வாரத்தில் மூன்று நாள் அது, இரண்டு நாள் கிராப்ளிங். வயசு 17. ஏதோ ஓர் 'ஓப்பன் அமெச்சூர்' போட்டியில் இறங்கப் போகிறானாம். நுழைவுக் கட்டணம் அமெரிக்க மாமா கணக்கில் :-)

அக்காவின் கேள்வி ஒன்றே ஒன்று. "தம்பி, இது கவர்மெண்ட் அங்கீகாரம் உள்ளதான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு. சர்டிபிகேட் செல்லும்னா போகட்டும்."

இது அக்கா வீட்டுப் பஞ்சாயத்து மட்டும் இல்லை. இங்கே நியூ ஜெர்சியில் எனக்குத் தெரிந்த மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் செம்பூர், தாராவியிலிருந்து இதே கேள்வி வந்திருக்கிறது. பணம் அனுப்புகிறவர்கள் நாம் என்பதால் தீர்ப்பும் நாமே சொல்ல வேண்டும் என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். என் தீர்ப்பு: கேள்வியே தப்பு. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிராப்ளிங் என்றால் அடி, குத்து கிடையாது. பிடித்து, விழத்தட்டி, தரையில் வைத்துக் கையை மடக்குவது அல்லது கழுத்தை இறுக்குவது. தாங்க முடியாதவன் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டினால் ஆட்டம் முடிந்தது. நம் குஸ்தி, ஜப்பான்காரன் ஜூடோ, பிரேசில்காரன் ஜியு ஜிட்சு எல்லாம் ஒரே குடும்பம். இதோடு குத்தும் உதையும் சேர்ந்தால் எம்.எம்.ஏ.

அப்பா தலைமுறைக்கு தாரா சிங்கும் கிங் காங்கும். இந்தப் பையன்களுக்கு போனில் வரும் யு.எஃப்.சி. மும்பையில் 2012 மார்ச்சில் ராஜ் குந்த்ராவும் சஞ்சய் தத்தும் சேர்ந்து சூப்பர் ஃபைட் லீக் ஆரம்பித்தார்கள். 2017 நவம்பரில் பரத் கண்டாரே ஷாங்காயில் யு.எஃப்.சி. மேடை ஏறினார். 2019-ல் டைகர் ஷ்ராஃப் குடும்பம் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்று தொடங்கியது. 2024 ஜூனில் பூஜா தோமர் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். இவ்வளவையும் பார்த்துவிட்டு மான்குர்டு பக்கம் ஒரு கடைக்கு மேல் மாடியில் நாலு ஃபோம் பாய் போட்டுப் பழகுகிற பையனிடம் "உனக்கெதுக்குடா இது" என்று கேட்டால் அவன் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பான்.

அக்கா ஏன் காகிதம் கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. சீத்தா கேம்ப் பிறந்ததே காகிதச் சண்டையில்தான். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. மாநகராட்சியே வேறு இடத்து ஜனங்களைக் கொண்டுவந்து குடிவைத்த காலனி. அணுசக்தித் துறைக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜாக்கின் அற்புதம் (பின்னாளில் மகசேசே விருது, பத்மஸ்ரீ எல்லாம் வாங்கியவர், 2018-ல் காலமானார்) வருஷக்கணக்கில் போராடிப் பார்த்தார். 1976 மே மாதம், எமர்ஜென்சி நேரம், சுமார் 70 ஆயிரம் பேர் இருந்த காலனியை இடித்து, ஜனங்களைக் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதுதான் சீத்தா கேம்ப். எங்கள் அப்பா அம்மாவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அதன் பிறகு ரேஷன் கார்டும் போட்டோ பாஸும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் வீடு எங்கள் வீடு.

ஆனால் அதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறதே. குடிவைத்ததே மாநகராட்சி. அந்த அங்கீகாரம் புல்டோசரை நிறுத்தவில்லை. யார் முத்திரை குத்தினார்கள் என்பதும், நாளைக்கு ஒன்று நடந்தால் யார் வந்து நிற்பார்கள் என்பதும் வேறு வேறு விஷயம்.

சண்டை விளையாட்டுச் சங்கங்களின் முத்திரைக்கு வருவோம். சொசைட்டிகள் பதிவுச் சட்டம் 1860-ம் வருஷத்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சங்கம் தயார். பெயரில் 'அகில' சேர்த்து, லெட்டர்பேடில் ஒரு பூகோள உருண்டை போட்டுவிட்டால் பார்க்கிறவனுக்குக் கைகட்டி நிற்கத் தோன்றும். உலக அளவில் மட்டும் என்ன வாழ்கிறது? அமெச்சூர் எம்.எம்.ஏ.வுக்கு 2012-ல் ஐ.எம்.எம்.ஏ.எஃப். என்று ஒரு சம்மேளனம் வந்தது. 2018-ல் காமா என்று போட்டிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் உலக சாம்பியன்ஷிப் உண்டு, இரண்டிலும் 'உலக சாம்பியன்' உண்டு.

கிராப்ளிங் இன்னும் வேடிக்கை. பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இறுக்கும் ஒரு பிடி இருக்கிறது. வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு ஜூடோவில் செய்தால் ஒலிம்பிக் விளையாட்டு. ஜூ-ஜிட்சு என்ற பெயரில் செய்தால் 2018 ஜகார்த்தாவிலிருந்து ஆசிய விளையாட்டு. கிராப்ளிங் என்ற பெயரில் செய்தால் உலக மல்யுத்த சம்மேளனத்தின் துணைப்பிரிவு. எம்.எம்.ஏ. கூண்டுக்குள் செய்தால் நேற்றுவரை தெருச்சண்டை. கழுத்து ஒன்றுதான், ரத்தம் மூளைக்குப் போகாமல் நிற்பதும் ஒரே மாதிரிதான். பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுக்கு எம்.எம்.ஏ.வைச் சேர்த்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்த பிறகு, பலகை மாட்டுகிறவர்கள் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. மகாராஷ்டிராவில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. டிராம்போலினுக்கே போலிச் சான்றிதழ் தயாரித்த மாநிலம் அது. சண்டைக்குத் தயாரிக்க எவ்வளவு நேரமாகும்?

டெல்லி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், பெண்களையும் சிறுவர்களையும் பாதுகாக்க ஒரு கொள்கை எல்லாம் அதில் உண்டு. நல்ல விஷயம். ஆனால் அது பெரும்பாலும் சம்மேளனத்துக்குத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும், யார் நாற்காலியில் உட்காரலாம் என்பதைப் பற்றிய சட்டம். கல்யாண மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து 60 பையன்களை மோதவிடுகிறவர் எந்த நாற்காலியும் கேட்கவில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன நடக்கலாம்? 2022 ஜூலையில் பெங்களூரில் மாநில அளவிலான கிக்பாக்சிங் போட்டி ஒன்று. மைசூரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் தலையில் குத்து வாங்கி விழுந்தார். பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸ் இல்லை, முதலுதவிக்கு ஆள் இல்லை என்பது குடும்பத்தார் சொன்ன புகார். போட்டி நடத்தியவர் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தேசிய கிக்பாக்சிங் போட்டி. அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த 24 வயது வீரர் ஒருவர் மோதலில் தலைக்காயம் பட்டு, அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். இது மண்டபம் இல்லை, பெரிய அரங்கம். மருத்துவமனையும் பக்கத்திலேயே. எல்லாம் இருக்கும்போதே இப்படி ஆகலாம் என்றால், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆட்டம் வைப்பதை என்னவென்று சொல்வது?

மும்பைக்காரர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூளையில் ரத்தம் கசிந்தால் சீத்தா கேம்ப்பிலிருந்து எங்கே ஓடுவீர்கள்? கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரி பக்கம்தான். பெரிய கேஸ் என்றால் சயான் ஆஸ்பத்திரி. ஞாயிறு சாயந்திரம் மான்குர்டையும் செம்பூரையும் தாண்டி ரிக்‌ஷாவில் சயான் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று அந்த வழியில் பஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

"அப்போ தடை பண்ணிட வேண்டியதுதானே" என்று சிலர் சொல்வீர்கள். பக்கத்து வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் 1996-ல் செனட்டர் ஜான் மெக்கெயின் இந்த விளையாட்டை மனிதச் சேவல்சண்டை என்று திட்டினார் (சேவல்சண்டையை ரசிக்கிற ஊர்க்காரனுக்கு இது எவ்வளவு பெரிய திட்டு என்பது வேறு கேள்வி). 1997-ல் நியூ யார்க் தடை போட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சி வேறு வழியில் போனது. தடகள ஆணையம் உட்கார்ந்து விதி எழுதியது. 2000 நவம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் அந்த விதிப்படி யு.எஃப்.சி. நடந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் விதிகளுக்கு அதுதான் மூலம்.

நியூ யார்க்கில் என்ன ஆனது? தடைச் சட்டம் தொழில்முறைச் சண்டையை மட்டும்தான் பிடித்தது. அமெச்சூர் என்று பலகை மாட்டினால் கேட்பாரில்லை. அதனால் வருஷக்கணக்கில் அங்கே அமெச்சூர் சண்டைகள் அரசு மேற்பார்வை இல்லாமலே நடந்தன. ரத்தப் பரிசோதனை இருக்க வேண்டும் என்றோ டாக்டர் இருக்க வேண்டும் என்றோ சட்டத்தில் கட்டாயம் இல்லை. 2016-ல் தடையை நீக்கியபோதுதான் அமெச்சூருக்கும் கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்பு வேண்டும் என்று போட்ட தடை, அனுபவம் குறைந்த பையன்களைத்தான் பாதுகாப்பில்லாமல் விட்டது.

அமெச்சூர் என்ற வார்த்தையே ஏமாற்று வார்த்தை. காசு வாங்கிச் சண்டை போடுகிறவனுக்கு ஸ்பான்சர் உண்டு, டிவி உண்டு, மேடைக்குப் பக்கத்தில் டாக்டர் உண்டு. காசு கொடுத்துச் சண்டை போடுகிறவனுக்குத் தகர மெடல்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து படித்தேன். சொசைட்டி சட்டம் வந்த அதே 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 87-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-வது பிரிவு. இரண்டு பேர் பொழுதுபோக்காக வாள்வீச்சு ஆட ஒத்துக்கொண்டு, கள்ளாட்டம் இல்லாமல் ஆடும்போது அடி பட்டால் குற்றமில்லை என்று உதாரணத்தோடு சொல்கிறது. நம் ஊர்க் குஸ்தி, பாக்சிங், கிராப்ளிங் எல்லாம் அந்த உதாரணத்தின் நிழலில்தான் நிற்கின்றன. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒப்புக்கொள்கிறவன் 18 வயது தாண்டியிருக்க வேண்டும். அந்தச் செயல் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ இட்டுச்செல்லும் என்று செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எலும்பு முறிவும் பல் போவதும் சட்டப்படி கொடுங்காயம்தான்.

ஆக, என் மருமகன் வயசுப் பையனுக்கு அந்த நிழல்கூட இல்லை. 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்களே, 17 வயதுக்காரன் போடும் கையெழுத்து 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அப்பா போட்டாலும், கவனக்குறைவால் உயிர் போனால் வரும் கிரிமினல் வழக்கை அந்தத் தாள் தடுக்காது. அது நம்மைப் பயமுறுத்த அச்சடித்த தாள்.

சரி, தடையும் வேண்டாம், டெல்லி அங்கீகாரமும் போதாது என்றால் வேறு என்ன? நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. ஜல்லிக்கட்டு. 2009-ல் தமிழ்நாடு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. பிறகு கோர்ட், தடை, மெரீனா எல்லாம் தாண்டி 2017-ல் புது விதிகள் வந்தன. 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. அந்த விதிகளைப் படியுங்கள். கலெக்டர் அனுமதி. கால்நடை மருத்துவர் பரிசோதித்த காளைதான் வாடிவாசலுக்குள் போகும். மாடுபிடி வீரனுக்கும் உடல் பரிசோதனை. தடுப்புவேலி, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ். இத்தனைக்கும் பிறகும் வருஷா வருஷம் உயிர் போகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அலங்காநல்லூரில் யாரும் "இதுக்கு ஒலிம்பிக் அங்கீகாரம் உண்டா" என்று கேட்பதில்லை. "கலெக்டர் பெர்மிஷன் வந்தாச்சா" என்றுதான் கேட்கிறார்கள். அங்கீகாரம் பையனின் வருங்காலத்துக்கு. அனுமதி அன்றைய சாயந்திரத்துக்கு. காளைக்குக் கிடைத்த அந்த இரண்டாவது காகிதம் மருமகனுக்கும் கிடைக்கட்டும் என்கிறேன்.

அதுவரை பணம் அனுப்புகிறவர்கள் சிலது கேட்கலாம். டாக்டர் யார், போட்டி முடியும்வரை இருப்பாரா, அவர் நிறுத்தச் சொன்னால் நடுவர் நிறுத்துவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் போகவே வேண்டாம். எடை எப்போது பார்க்கிறார்கள்? மும்பைப் புழுக்கத்தில் ரெயின்கோட்டு போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் இரண்டு நாளில் நாலு கிலோ இறக்குகிற கூத்து பையன்களிடையே சகஜம். 2015 டிசம்பரில் மணிலாவில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் மேடை ஏறாமலே இப்படி எடை குறைத்ததில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் ஒன் சாம்பியன்ஷிப் தன் விதியை மாற்றியது. 18-க்குக் கீழே தலையில் அடிக்கலாமா கூடாதா? கிராப்ளிங் மட்டும் என்றால் தட்டியவுடன் விட வேண்டும் என்பதை மாஸ்டர் எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்? பாயைத் தினமும் கழுவுகிறார்களா? (சிரிக்காதீர்கள். மருமகனுக்கு இதுவரை வந்த ஒரே 'விளையாட்டுக் காயம்' படர்தாமரை.)

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நோட்டுப்புத்தகம். அமெச்சூர் குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் மேடை ஏறக் கூடாது என்று பழைய விதி. எம்.எம்.ஏ.வில் ஆளாளுக்கு ஒரு சங்கம், ஆளாளுக்கு ஒரு ரெஜிஸ்டர். இந்த ஞாயிறு தாணேயில் மயங்கி விழுந்தவன் அடுத்த ஞாயிறு வாஷியில் வேறு சங்கத்தின் பட்டியலில் நிற்கலாம். அவனாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. 17 வயசில் எவன் சொல்வான்? ஒவ்வொரு பையனுக்கும் ஒரு புத்தகம், அதில் ஒவ்வொரு மோதலும் டாக்டர் கையெழுத்தோடு. எந்தச் சங்கம் ஒரிஜினல் என்ற சண்டை தீரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மும்பையில் இருக்கும் பத்துப் பதினைந்து மாஸ்டர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சாயந்திர வேலை.

இன்னொன்றும் இருக்கிறது, இது எங்கள் ஏரியாக்காரர்களுக்கு மட்டும் புரியும். ஜுஹூவில் ஏ.சி. ஜிம்மில் ஒருவன் கழுத்துப் பிடி பழகினால் அதற்குப் பெயர் ஃபிட்னெஸ். அதையே சீத்தா கேம்ப் பையன் பழகினால் தாதாகிரி. காது வீங்கி, புருவத்தில் தையலோடு ராத்திரி பத்து மணிக்கு டிராம்பே ரோட்டில் நடந்து வந்தால் ஹவல்தார் நிறுத்தி விசாரிப்பார். அந்த நேரத்தில் பாக்கெட்டில் டாக்டர் கையெழுத்துப் போட்ட புத்தகம் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அக்கா கேட்கிற காகிதம் இதுவாக இருக்கட்டும்.

மும்பையில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் விதி போடும் அதிகாரம் 1951 போலீஸ் சட்டத்தின் 33-வது பிரிவிலேயே இருக்கிறது. டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்துகிறவர் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறார், மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறார். மைக் ராத்திரி பத்து மணிக்கு நிற்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் தவறாமல் எழுதுகிறார்கள். அதே கடிதத்தில் பதிவு பெற்ற டாக்டர் ஒருவர், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் ஒன்று, 18-க்குக் கீழே தலையில் அடி இல்லை என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லி ஏரியாச் சங்கங்களும் ஜமாத்தும் சர்ச்சும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம். மனு எழுதுவது சீத்தா கேம்ப்புக்குப் புதுசில்லை. வரைவு ஒன்று மராத்தியில் தயாராகிக்கொண்டிருக்கிறது. திருத்திக் கொடுக்க முடிந்தவர்கள் ஒரு மடல் போடுங்கள்.